பொட்டென்ஷியோமீட்டர் பலகைக்கு 50 பித்தளை நட்டு: பள்ளிக் கருவி செய்யும் குடும்ப நிறுவனங்கள் பற்றி

பித்தளைத்திருகு | திங்கள், இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட டெக்னீஷியன், 19 வருடமாகிறது. போன மாதம் நடந்த ஒரு சின்ன விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களிடம் 14 பொட்டென்ஷியோமீட்டர் பலகைகள் இருக்கின்றன. தெரியாதவர்களுக்கு: ஒரு மீட்டர் நீளத் தேக்குப் பலகை, அதன் மேல் அளவுகோல், அளவுகோல் ஓரமாக இழுத்துக் கட்டிய கம்பி, இரண்டு முனையிலும் பித்தளை முனையம். தமிழ்நாட்டில் படித்தவர்கள் மின்னழுத்தமானி என்றால் புரிந்துகொள்வீர்கள். நான் வேலைக்குச் சேரும் முன்பே வாங்கியவை. மரம் இன்னும் கல் மாதிரி இருக்கிறது, ஒன்றுகூட வளையவில்லை. ஆனால் முனையத்தில் திருகும் நட்டுகள் ஒவ்வொன்றாகத் தொலைந்து, கடைசியில் 14 பலகையில் 5 மட்டும்தான் முழுசாக நின்றன. மாணவர்கள் கம்பியை முனையத்தில் சுற்றி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அளவெடுப்பார்கள், அழுத்தம் கொஞ்சம் தளர்ந்தால் கால்வனாமீட்டர் ஊசி ஆடும். பார்க்கவே வேதனையாக இருக்கும்.

இங்குள்ள ஒரு விநியோக நிறுவனத்திடம் கேட்டேன். அந்த மாடல் நின்றுவிட்டது, புதுப் பலகை வாங்கிக்கொள்ளுங்கள் என்று விலைப்பட்டியல் அனுப்பினார்கள். ஒரு நட்டுக்காக முழுப் பலகை! வன்பொருள் கடையில் எம்5 நட்டு வாங்கிப் போட்டால் லொடலொடவென்று ஆடுகிறது, எம்4 உள்ளேயே போகவில்லை.

ஒரு நாள் பலகையைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் சின்னப் பித்தளைத் தகடு. கரி படிந்திருந்தது. துடைத்தால் நிறுவனத்தின் பெயரும் ‘அம்பாலா கண்டோன்மென்ட்’ என்ற ஊர்ப் பெயரும். இணையத்தில் தேடிப் பிடித்து, படத்தோடு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரும் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. எழுதியவர் நிறுவனத்தைத் தொடங்கியவரின் பேரன். “இது என் தாத்தா காலத்துப் பலகை. முனையத் தண்டில் 10 மரை எத்தனை மில்லிமீட்டர் வருகிறது என்று அளந்து சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். அளந்தேன், 8 மில்லிமீட்டரும் ஒரு துளியும். “அப்படியானால் 2 பிஏ, அச்சு இன்னும் எங்களிடம் இருக்கிறது” என்றார்.

இரண்டு வாரத்தில் 50 நட்டுகள் வந்தன. புதிதாகக் கடைந்தவை, ஓரத்தில் விரல் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பு வெட்டு, எண்ணெய்த் தாளில் பத்துப் பத்தாக மடித்து வைத்திருந்தார்கள். கூடவே கேட்காமலேயே ஒரு சுருள் கம்பி. தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். கருவி வாங்கும்போது விலை கேட்கிறோம், எப்போது கொண்டுவந்து தருவீர்கள், உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேட்கிறோம். 15 வருடம் கழித்து இதற்கு ஒரு திருகு வேண்டுமென்றால் யாரைக் கேட்பது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட குடும்பத் தொழில்காரர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற பள்ளிகளில் உங்கள் அனுபவம் என்ன?

---

பழைய_ஸ்பேனர் | திங்கள், இரவு 11:03

தம்பி, படித்ததும் கை பரபரத்துவிட்டது. நான் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன்.

எம்5 ஏன் ஆடியது என்றால் 2 பிஏ தண்டின் விட்டம் 4.7 மில்லிமீட்டர்தான், எம்5-க்கு 5. மரை இடைவெளியோ அதில் 0.81, இதில் 0.8. இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் நட்டு ஏறுகிற மாதிரி ஏறும், ஆனால் பிடிக்காது. பலம் கொடுத்து இறுக்கியிருந்தால் தண்டின் மரையே நாசமாகியிருக்கும், நல்லவேளை நிறுத்தினீர்கள்.

பிஏ என்பது பிரிட்டிஷ் அசோசியேஷன் மரை. 1884-ல் கொண்டுவந்தார்கள், நுணுக்கமான கருவிகளுக்காகவே. அதில் ஒரு அழகு உண்டு: 0 பிஏ-க்கு மரை இடைவெளி சரியாக 1 மில்லிமீட்டர். அடுத்தது அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதற்கடுத்தது அதிலும் பத்தில் ஒன்பது பங்கு. அப்படிப் போனால் 1 பிஏ 0.9, 2 பிஏ 0.81. உங்களைப் பத்து மரை அளக்கச் சொன்னாரே அந்தப் பேரன், அவருக்குத் தொழில் தெரியும். ஒற்றை மரையை அளந்தால் ஸ்கேலில் ஒன்றும் தெரியாது, பத்தைச் சேர்த்து அளந்தால்தான் 8.1 தெரியும்.

அந்த அச்சை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அதுதான் பெரிய விஷயம்.

---

ஒளிக்கதவு | செவ்வாய், காலை 6:48

நான் உயர்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர். பித்தளைத்திருகு அண்ணனின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

பலகை, கம்பி, நட்டு எல்லாம் சரி. எனக்கு வகுப்பில் கிடைப்பது வாரத்துக்குச் சில பாடவேளைகள். அதில் தனி ஊசலை 20 முறை ஆடவிட்டு, நிறுத்துக் கடிகாரம் அழுத்தி, சராசரி எடுப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. டேட்டா லாகரில் (அளவுகளைத் தானே பதியும் கருவி) ஒரு ஒளிக்கதவு (ஊசல் ஒளிக்கதிரை மறைக்கும் நேரத்தைப் பிடிக்கும் உணரி) வைத்தால் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி வரை திரையில் வருகிறது, வரைபடமும் அங்கேயே. மிச்ச நேரத்தில் பிள்ளைகளோடு பேசலாம்.

ஒரு உதாரணம். புவியீர்ப்பு முடுக்கம் சாதாரண நிலைப் பாடத்தில் 10, மேல்நிலையில் 9.81. ஆனால் நாம் பூமத்திய ரேகை பக்கத்தில் இருக்கிறோம், இங்கே உண்மையில் 9.78. ஒரு மீட்டர் ஊசலில் இந்த வித்தியாசம் 20 ஆட்டத்துக்கு 0.06 நொடிதான் வரும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே அதைவிட அதிகம். ஒளிக்கதவு இல்லாமல் “நம் ஊரில் g வேறு” என்பதை ஒரு பிள்ளைகூடத் தன் கண்ணால் பார்க்க முடியாது. என் வகுப்பில் ஒரு பையன் 9.78 வந்ததைப் பார்த்து, கருவி தப்பு சார் என்றான். இல்லையடா, கருவிதான் சரி என்று சொன்ன அந்த நிமிடத்தை நான் எந்தத் தேக்குப் பலகைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

ஈரக்காற்று | செவ்வாய், மதியம் 12:31

ஒளிக்கதவு சாருக்குப் பதில் சொல்ல வரவில்லை. எனக்கு வேறு அனுபவம். இந்தக் குடும்ப நிறுவனங்கள் கேள்வி கேட்கும், பெரிய நிறுவனங்கள் பட்டியல்தான் அனுப்பும்.

நிலைமின் பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், சிங்கப்பூர் காற்றில் வான் டி கிராஃப் இயந்திரம் எவ்வளவு அழ வைக்கும் என்று. மழை பெய்த மறுநாள் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். மின்னேற்றமெல்லாம் கம்பத்தின் மேல் படிந்த ஈரப்படலம் வழியாகக் கசிந்து போய்விடும். தலைமுடி எழும்பப் போகிறது என்று பிள்ளைகள் ஆசையாகக் கையை வைத்து நிற்பார்கள், ஒரு முடிகூட அசையாது. நாங்கள் குளிர்சாதனத்தை முதல் நாள் மாலையே போட்டுவிட்டு, காலையில் ஹேர் டிரையரால் பெல்ட்டையும் கம்பத்தையும் ஐந்து நிமிடம் உலர்த்துவோம். விரல் ரேகை பட்டால்கூடக் கசியும், அதனால் கம்பத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகு யாரும் தொடக்கூடாது.

புது இயந்திரம் வாங்க விசாரித்தபோது இரண்டு இடத்தில் அட்டவணையும் விலையும் வந்தன. மூன்றாவது ஒரு குடும்பப் பட்டறை, அந்த அம்மாவே தொலைபேசியில் பேசினார்: உங்கள் ஊரில் ஈரம் எவ்வளவு, ஆய்வுக்கூடம் எந்த மாடி, குளிர்சாதனம் நாள் முழுக்க ஓடுமா. கேட்டுவிட்டு, அடிப்பெட்டிக்குள் பெல்ட் பக்கம் 40 வாட் பல்பு ஒன்று வைக்க இடம் செய்து தருகிறேன், அரை மணி முன்னாடி எரியவிடுங்கள், உள்ளே காய்ந்துவிடும் என்றார். அப்படியே செய்து கொடுத்தார். இப்போது ஹேர் டிரையர் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான்.

---

பொங்கோல்_அம்மா | செவ்வாய், மதியம் 2:05

நான் இந்தத் துறை இல்லை, மகள் உயர்நிலை 4. இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு 20 விழுக்காடு மதிப்பெண் என்கிறார்கள். வீட்டிலேயே பழக ஒரு கருவிப்பெட்டி வாங்கித் தரலாமா? இணையத்தில் 200 வெள்ளிக்கு இருக்கிறது.

---

பித்தளைத்திருகு | செவ்வாய், மாலை 6:40

அக்கா, வேண்டாம். அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூல், ஒரு நட்டு, ஒரு 30 செண்டிமீட்டர் ஸ்கேல், கைபேசிக் கடிகாரம் இருந்தால் ஊசல் செய்யலாம். 15 செண்டிமீட்டர் குவியத்தூரம் உள்ள குவிலென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதை வைத்து நிறையச் செய்யலாம். மற்றதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கேட்கச் சொல்லுங்கள். பள்ளி முடிந்த பிறகு பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க எங்களைப் போன்றவர்களுக்கு விருப்பம்தான், கேட்பவர்கள்தான் குறைவு.

---

அம்பாலா_போனவன் | செவ்வாய், இரவு 9:57

அம்பாலா பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் கொள்முதல் வேலை சம்பந்தமாக அங்கே போயிருக்கிறேன். டெல்லியிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர், ஹரியானாவில். நமக்குப் பட்டாசு என்றால் சிவகாசி மாதிரி, அந்த நாட்டில் பள்ளி ஆய்வுக்கூடக் கருவி என்றால் அந்த ஊர். பெரிய தொழிற்சாலைகளைவிடச் சின்னப் பட்டறைகள்தான் அதிகம், வீட்டின் கீழ்த்தளத்தில் லேத், மேல் தளத்தில் குடும்பம். ஒரு வீட்டில் கடைசல், அடுத்த தெருவில் பாலிஷ், இன்னொரு இடத்தில் கண்ணாடி ஊதுவது என்று ஒரு கருவியே நாலு கை மாறித்தான் உருவாகும்.

நான் போன பட்டறையில் இசைக்கவை செய்தார்கள். எழுபது வயதுக்கு மேலிருக்கும் பெரியவர் ஒருவர், வேலையெல்லாம் மகன்கள் பார்க்கிறார்கள், ஆனால் கடைசிச் சுருதி மட்டும் அவர்தான். மேசையில் ஒரு தடித்த மரப்பெட்டி. அதன் மேல் ஒரு கையில் 512 ஹெர்ட்ஸ் மூலக் கவை, மறு கையில் புதுக் கவை. இரண்டையும் ரப்பர் கட்டையில் தட்டிப் பெட்டியில் ஊன்றினார். ஒலி ஒரே சீராக வரவில்லை, ஏறி இறங்கியது, வ்வும்ம் வ்வும்ம் என்று. விரலால் மேசையில் எண்ணினார். பத்து நொடியில் 20. அப்படியென்றால் நொடிக்கு இரண்டு விம்மல், புதுக் கவை 510 அல்லது 514.

எது என்று எப்படித் தெரியும்? புதுக் கவையின் நுனியில் பட்டாணி அளவு மெழுகை ஒட்டினார், மறுபடி தட்டினார். விம்மல் வேகமானது. மெழுகு கனம் சேர்த்தால் அதிர்வெண் குறையும். குறைத்ததும் வித்தியாசம் கூடுகிறதென்றால் அது ஏற்கெனவே குறைவாக இருந்தது, 510. மெழுகைச் சுரண்டிவிட்டு நுனியில் அரத்தால் மூன்று இழுப்பு. நுனியைத் தேய்த்தால் சுருதி ஏறும், அடியில் தேய்த்தால் இறங்கும். உடனே தட்டிப் பார்க்கவில்லை. கவையைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார். அவசரப்பட்டு நான் கேட்டதற்கு, அரம் போட்ட சூடு, கை சூடு எல்லாம் ஆறட்டும், சூட்டில் சுருதி பொய் சொல்லும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்த கணக்கு இது. மெழுகு ஒட்டினால் விம்மல் கூடியது, அதிர்வெண் என்ன, இரண்டு மதிப்பெண். அந்தப் பெரியவர் அதை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை செய்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

---

தேசாகா_ரசிகன் | செவ்வாய், இரவு 11:20

இந்தத் தொழிலே அப்படித் தொடங்கியதுதான். எல்லார் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிற புன்சன் எரிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 1855-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் புன்சன் யோசனை சொன்னார், கையால் செய்து கொடுத்தவர் அங்கே கருவி செய்துகொண்டிருந்த பீட்டர் தேசாகா. புன்சன் காப்புரிமை வாங்கவில்லை. தேசாகா செய்து விற்றார், பிறகு மகன் கார்ல் தேசாகா பெயரில் தொழில் நடந்தது. பெயர் மட்டும் பேராசிரியருக்குப் போய்விட்டது. என் பிள்ளைகளுக்கு எரிப்பானைப் பற்ற வைக்கும் முதல் வகுப்பில் இரண்டு பெயரையும் சொல்லித்தான் தொடங்குவேன்.

---

வளைந்த_கதிர் | புதன், காலை 8:15

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். குடும்ப நிறுவனம் என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் பல வருடமாக ஒரே குடும்பத்திடம் லென்ஸ் வாங்கினோம். அப்பா இருந்தவரை தங்கம். அவர் போனபிறகு அண்ணன் தம்பி பிரிந்து, ஒரே பெயரில் இரண்டு கடை, எது எந்தக் கடை என்றே தெரியாமல் நாங்கள் பணம் கட்டினோம். வந்த 40 லென்ஸில் பெட்டி மேல் 15 செண்டிமீட்டர் என்று ஒட்டியிருந்தது, அளந்தால் பலதும் 13.6, 13.8. பிள்ளைகள் சரியாக அளந்து தப்பான விடை என்று நினைத்து அழித்து அழித்து எழுதினார்கள். புகார் சொன்னால் தம்பி அண்ணனைக் கைகாட்டினார், அண்ணன் தம்பியை. பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இல்லையென்றால் சொந்த பந்தப் பேச்செல்லாம் உதவாது.

---

பித்தளைத்திருகு | புதன், இரவு 9:30

வளைந்த கதிர், நீங்கள் சொல்வதை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. பங்காளிச் சண்டை வந்தால் பட்டறை கெடும், நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வருகிற பெட்டியை அன்றைக்கே பிரித்து ஒவ்வொன்றையும் சோதிப்பேன்.

லென்ஸுக்கு நான் செய்வது: எங்கள் ஆய்வுக்கூட சன்னலுக்கு எதிரே சாலை தாண்டி ஒரு வீவக புளோக் (அரசு அடுக்குமாடி வீடு) இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, சன்னல் பக்கம் லென்ஸைப் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை நகர்த்தினால் அந்த புளோக் முழுவதும் தலைகீழாகத் தாளில் விழும், துணி காயப்போட்ட கம்புகள்கூட வரிசையாகத் தெரியும். கூர்மையாகத் தெரியும் இடத்தில் ஸ்கேல் வைத்தால் அதுதான் குவியத்தூரம். ஒரு லென்ஸுக்கு அரை நிமிடம். 40 லென்ஸ் என்றால் இருபது நிமிட வேலை. தவறியது இருந்தால் அன்றே படம் பிடித்து அனுப்பிவிடுவேன்.

நம்பிக்கை வேறு, சோதனை வேறு. அந்த அம்பாலா பேரனின் நட்டையும் ஒன்று விடாமல் திருகிப் பார்த்துத்தான் எடுத்து வைத்தேன். 50-ம் சரியாக இருந்தன.

---

ஒளிக்கதவு | வியாழன், இரவு 10:44

இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலமாரியில் 22 நகர்வு உணரிகள் கிடக்கின்றன. ஒன்றும் உடையவில்லை. மென்பொருள் புதுக் கணினியில் ஓடவில்லை, பழைய பிளக் இப்போதைய கணினியில் செருக இடமில்லை, விற்ற நிறுவனம் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. கம்பி, சில்லு எல்லாம் நன்றாக இருக்கும்போதே எட்டே வருடத்தில் குப்பைக்குப் போகப்போகின்றன. அண்ணன் கேட்ட கேள்வியை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் வேறு மாதிரி வாங்கியிருப்பேன்.

ஆனாலும் ஒளிக்கதவை விடமாட்டேன். இனி வாங்கும்போது, அளவை வெளியே எடுக்கும் முறையை எழுத்தில் தருவீர்களா, நீங்கள் நிறுத்திவிட்டாலும் வேறு யாராவது படிக்கும்படி இருக்குமா என்று கேட்கப்போகிறேன். அது என்னுடைய 2 பிஏ நட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழைய_ஸ்பேனர் | வியாழன், இரவு 11:15

சார், அந்த உணரி ஒன்றைக் கொண்டு வாருங்கள், என் மருமகன் மின்னணு வேலைதான் செய்கிறான். பிளக்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். உறுதி சொல்லவில்லை.

---

யீஷூன்_லேப் | வெள்ளி, காலை 7:20

பித்தளைத்திருகு அண்ணே, நான் இன்னொரு கல்லூரி லேப். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பலகைகளைத் திருப்பிப் பார்த்தேன். அதே தகடு, அதே ஊர்! எங்களுக்கு 6 நட்டு குறைகிறது. இரண்டு பலகையில் கம்பியும் நடுவில் நசுங்கியிருக்கிறது, ஜாக்கியை (கம்பி மேல் நகர்த்தும் தொடுமுனை) அழுத்தித் தேய்த்த இடம்.

---

பித்தளைத்திருகு | வெள்ளி, மாலை 7:02

துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டேன், 8 தருகிறேன், இரண்டு கூடுதலாக இருக்கட்டும். கம்பியும் இரண்டு மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறது. கம்பி மாற்றும்போது ஒரு முனையை முதலில் இறுக்கிவிட்டு, மறு முனையை இடுக்கியால் இழுத்துப் பிடித்தபடியே திருகுங்கள், தளர்ந்தால் அளவுகோலோடு ஒட்டி நிற்காது. ஜாக்கியின் கத்தி முனையை நுண்ணிய உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்து மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் புதுக் கம்பியும் நசுங்கும்.

சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தேக்கா சந்தை உணவங்காடியில் இருப்பேன். வரும்போது உங்கள் முனையம் ஒன்றைக் கழற்றி எடுத்து வாருங்கள், அங்கேயே திருகிப் பார்த்துவிடலாம். பேரனுக்கு எழுத உங்கள் பலகைத் தகட்டின் படமும் வேண்டும், அவருடைய தாத்தா செய்தது இன்னொரு கல்லூரியிலும் ஓடுகிறது என்று அனுப்புகிறேன்.